காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவனின் மகன் வந்தான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்தின் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் சென்சார்தான் ப்ராஜெக்ட். "எப்படிடா வேலை செய்யுது?" என்றேன். "ரெடிமேடா வாங்கினது தாத்தா, ரிப்போர்ட்டும் சேர்த்தே குடுத்துட்டாங்க" என்றான்.

கோபம் அவன்மேல் இல்லை. பணம் கட்டிய அப்பன்மேல்தான்.

இரண்டு தகடு, ஒரு பாட்டில், ஒரு சிரிஞ்சு போதுமே! தகடுகளுக்கு நடுவே காற்று இருந்தால் மின்தேக்குத்திறன் ஒரு பங்கு. பெட்ரோல் நிரம்பினால் ஏறக்குறைய இரண்டு பங்கு. பிளஸ் டூ பாடம். பத்துப் பத்து மில்லியாக ஊற்றிக் குறித்துக்கொண்டே வந்தால் அளவுகோல் தயார். (முதலில் கடலை எண்ணெயில் பழகுங்கள், வீடு தப்பிக்கும்.) விமானம் சாய்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஓடும், என்ஜின் அதிர்வில் நுரைக்கும், அளவு தாறுமாறாகக் குதிக்கும். அதைச் சராசரி எடுத்து அடக்குவதுதான் உண்மையான ப்ராஜெக்ட். அதை யார் விற்பார்கள்?

விளையாட்டுச் சாமான்தானே என்கிறீர்களா? 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. கையால் போட்ட கணக்கில் கிலோவுக்குப் பதில் பவுண்டு. நடுவானில் இரண்டு என்ஜினும் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் விமானி மிதக்கவிட்டு இறக்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள்.

கையால் அராவிச் செய்த பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் திண்டுக்கல். இங்கே பிள்ளைக்கு மூளையை விலைக்கு வாங்கித் தருகிறோம்!

ஞாயிறு காலை பையனை வரச் சொல்லியிருக்கிறேன். தகடு என்னிடம் இருக்கிறது. இதைப் படிக்கும் அவன் அப்பா சிரிஞ்சு வாங்கிக்கொண்டு கூடவே வரவும்.