கிளை முறிந்தால் குற்றம் யாருடையது?

கொழுந்து எடுக்கையில் கிளையொன்று படக்கென்று முறிகிறது. "மரத்தைப் பார்த்து எடு" என்று கங்காணி சத்தம் போடுகிறார். முறிந்த கிளையை மட்டும் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

நாம் எடுத்துப் பார்த்தோம். பட்டையில் குண்டூசித் தலை அளவு துவாரம். உள்ளே தண்டைச் சுற்றி வளைத்து ஓடும் கறுத்த சுரங்கம். துரைமார் 'ஷொட் ஹோல் போரர்' என்று சொல்கிற துளைப்பான் வண்டின் வேலை இது. துளைப்பது பெண் வண்டு. ஆணுக்குப் பறக்கவே முடியாது. (அங்கேயும் பாரம் பெண்ணுக்குத்தான்!) வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாயில் சுமந்து வரும் பூஞ்சணத்தைச் சுரங்கச் சுவரில் வளர்த்து, அதைத் தானும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கிறது. "அதுவும் தோட்டம் போடுதா?" என்று கேட்டது நம் வகுப்புப் பிள்ளை ஒன்று.

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1868 இல், இலங்கையில் பிடித்த இந்த வண்டுக்கு ஐக்ஹொஃப் என்ற ஜேர்மானியர் பெயர் வைத்துவிட்டார். ஆக, தேயிலை மலையெங்கும் பரவும் முன்பே வண்டு இங்கே இருந்தது. ஆமணக்கிலும் வாழக்கூடியது அது. மலை மலையாக ஒரே மரத்தை நட்டது, அதற்குப் பந்தி விரித்த மாதிரி ஆகிவிட்டது. நட்ட முடிவு நம்முடையதல்ல.

மருந்தடித்தால் தீருமா? வண்டு தண்டுக்குள் இருக்கிறது. மருந்து உள்ளே போய்ச் சேருவது கடினம். 1950களில் டில்ட்ரின் அடித்தார்கள். இலை சுருட்டும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த சிறு குளவி அதில் மடிந்தது, புழு பெருகியது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்கும் நம் பிள்ளைகள் எதை அடிக்கிறோம் என்று கேட்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கேட்க வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் கிளைகள் அதிகம் முறியும். கிளை போனால் கொழுந்தும் போகும். ஆனால் கேட்கும் கிலோ மட்டும் குறைவதில்லை. எடை குறைந்தால் அரைப்பேர். நல்ல மலைக்கும் துளை விழுந்த மலைக்கும் ஒரே கிலோ என்பது என்ன நியாயம்? துளை விழுந்த மலைக்குத் தனி அளவு வேண்டும். அந்த அளவைத் தீர்மானிக்கும்போது தோட்டக் கமிட்டித் தலைவியும் கூட இருக்க வேண்டும்.

இந்த வாரம் முறியும் கிளைகளை வீசிவிடாதீர்கள். எந்த மலை, எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். சனிக்கிழமை காலை பிரட்டுக்களத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஐயாவுக்கு முன்னால் பிளந்து காட்டுவோம்.