தேதி மறந்த கம்ப்யூட்டர்

குன்னூரில், 2024 ஐப்பசி மழை. ரிட்டயரான டீ மேக்கர் நண்பர் புலம்பினார்: “2012-ல நானே அசெம்பிள் பண்ணின மெஷின் சார். விண்டோஸ் அப்டேட் ஆகமாட்டேங்குது. தூக்கிப் போடுங்கங்கறான் கடைப் பையன். பேத்தி போட்டோல்லாம் அதுலதான் இருக்கு!”

முதலில் போட்டோக்களை பென் டிரைவுக்கு மாற்றினேன். பிறகு திரை மூலையைப் பார்த்தால், தேதி 1.1.2012!

மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு வட்ட பாட்டரி. 3 வோல்ட். கரண்ட் போனாலும் விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்தால், கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு வருஷம் மறந்துவிடும். அப்டேட் சர்வர் காட்டும் சான்றிதழ், 2012-ல் இன்னும் பிறக்கவே இல்லையே! எப்படி நம்பும்?

புது பாட்டரி, சரியான தேதி. அப்டேட் சமர்த்தாக இறங்கிற்று. செலவு, ஒரு பொட்டலம் வர்க்கிக் காசு.

ரிட்டயரான கேஸ் என்று ஒதுக்குமுன், ‘இன்றைக்கு என்ன தேதி?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.