ஊசிதானே என்று விடக்கூடாது

“வெட்டுறல்ல, கொத்துறல்ல, ஒரு ஊசிதான்.” கல்முனைக் கரையோரத்தில் கலியாணம் நெருங்கிய வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது சர்வசாதாரணம். போனில் வரும் விலைப்பட்டியலில் மருதாணிக்கும் பேஷியலுக்கும் அடுத்த வரியிலேயே போட்டொக்ஸ், பில்லர், தோலை உரிக்கும் பீல், லேசர், வெள்ளையாக்கும் குளுட்டா சேலைன் எல்லாம் இருக்கின்றன. கத்தி படாததால் ஆபத்தில்லை, கொடுத்த காசுக்குப் படத்தில் கண்ட முகம் கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பிழை. அது பிழையென்று தெரியவரும் நாளில், “உனக்கேன் இந்த வேலை?” என்று ஊர் அந்தப் பெண்ணையே கூண்டில் ஏற்றுவது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டொக்ஸ் என்பது ஒரு நச்சுப் பொருள். கெட்டுப்போன டின் உணவில் வளரும் பக்டீரியா ஒன்று உண்டாக்குவது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தடுத்துவிடும். அமெரிக்கக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் அதை மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989இல் கண் நோய்களுக்கும் 2002இல் புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கும் அனுமதி கொடுத்தது. நல்ல வைத்தியரின் கையில் நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பலன் மூன்று, நான்கு மாதங்கள்தான் நிற்கும். முகத்தை அசைக்கும்போது விழும் கோட்டைத்தான் அது மென்மையாக்கும்; தொங்கிப்போன கன்னத்தைத் தூக்காது, நிறத்தை மாற்றாது. ஊசி ஏற்றும் இடம் சற்றுத் தவறினாலோ மருந்து பரவினாலோ கண்ணிமை கீழே விழும். அது நிமிர வாரக்கணக்காகும்.

போட்டொக்ஸ் வரும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெறுங்குப்பி போலத்தான் தெரியும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் படலம்தான் மருந்து. அதில் சேலைன் நீரை விட்டுக் கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவருக்கு உரிய குப்பியை நீர் கூட்டி மூவருக்குப் பங்கிட்டாலும் சிரிஞ்சில் வந்து சேர்வது அதே நிறமற்ற நீர்தான். கதிரையில் சாய்ந்திருக்கும் பெண்ணுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. “மச்சிக்கு நாலு மாசம் நிண்டது, எனக்கு ஒரு மாசத்தில போயிற்று” என்று மனம் நொந்து பேசுபவரிடம், “உங்கட உடம்பு அப்படி” என்று சொல்லிவிடுவது எவ்வளவு இலகு! அவருக்கு எத்தனை யூனிட் ஏற்றப்பட்டது என்று எழுதிக் கொடுத்த துண்டு ஒன்று கையிலிருந்தால் அந்தப் பதில் செல்லாது.

பில்லரின் கதை வேறு. உதட்டையும் கன்னத்தையும் மூக்கையும் நிரப்பும் ஜெல் அது. முகத்தின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடுப்புள்ளவை. ஊசி முனை ஒரு குழாய்க்குள் நுழைந்து, அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கிப் போய்விட்டால் விழித்திரைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். கனடாவைச் சேர்ந்த தோல் வைத்தியர்கள் 2015இல் உலக மருத்துவ இதழ்களில் பதிவானவற்றைத் தொகுத்தபோது, கொழுப்பும் பில்லரும் ஏற்றியதால் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் 98 பேர் இருந்தார்கள். 2019இல் மேலும் 48 பேர் சேர்ந்தார்கள். உலகில் ஏற்றப்படும் கோடிக்கணக்கான ஊசிகளோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் “ஆபத்தே இல்லை” என்று சொல்லி ஊசியை எடுப்பவர், கண் போகக்கூடும் என்ற செய்தியை மறைக்கிறார்.

நமது கரையோரத்துக்கு இன்னும் நெருக்கமான விடயம் தோல். வெள்ளைத் தோலை மனதில் வைத்துத் தயாரான லேசர் அளவுகளும் பீல் திராவகங்களும் நமது மாநிறத் தோலில் அப்படியே வேலை செய்வதில்லை. மாநிறத் தோலைச் சுட்டாலும் உரித்தாலும், ஆறும்போது அது கூடுதலாக நிறமியைச் சுரக்கும். கறுப்பைப் போக்கப் போனவர் கறுந்திட்டுகளோடு திரும்புவது இதனால்தான். அதன் மேல் வெயில் படக்கூடாது. மாதக்கணக்கில் சூரியக் கதிரைத் தடுக்கும் கிறீம் பூச வேண்டும். காலை எட்டு மணிக்கே கண் கூசும் இந்தக் கடற்கரை ஊர்களில் ஆசிரியைகளும், காரியாலயம் போகிறவர்களும், ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போகும் பிள்ளைகளும் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்கள் என்று விற்கும்போது யாரும் கேட்பதில்லை. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஆழமான பீல் செய்துவிடச் சம்மதிப்பவர் தோலைப் பற்றித் தெரியாதவர், அல்லது தெரிந்தும் காசுக்காகச் செய்பவர்.

குளுட்டா சேலைனைப் பற்றி ஒளிவுமறைவின்றியே பேசலாம். பிலிப்பைன்ஸ் உணவு, மருந்து நிர்வாகம் 2011இலும் 2019இலும் பகிரங்கமாக எச்சரித்தது: தோலை வெளுப்பாக்க குளுட்டாதயோன் ஊசிக்கு அங்கே அனுமதியில்லை. புற்றுநோய் மருந்தின் பாதிப்பைக் குறைக்கும் துணை மருந்தாகவே அதற்கு அனுமதி. பாகிஸ்தானில் 50 பெண்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி ஏற்றியவர்களில் சிலருக்கு நிறம் சற்று வெளுத்தது; ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் பழைய நிறமே திரும்பிவிட்டது. சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்தது. ஒருவருக்கு உயிராபத்தான ஒவ்வாமை ஏற்பட்டது. இதைத்தான் “விட்டமின் ஊசி” என்று பெயர் சொல்லி நரம்பில் ஏற்றுகிறார்கள்.

ஊசிக்கே போகாதவர்களும் தப்பவில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் பல விதத்தில் நமது ஊர்களைப் போன்றது: முஸ்லிம்கள் அதிகம், வீட்டுக்கு வீடு வளைகுடாத் தொடர்பு. அங்கே கோட்டக்கல் வைத்தியசாலை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு வந்திருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியவர்கள். கிறீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். காரணமாகச் சுட்டப்பட்டது பாதரசம். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் சேர்ந்தது. ஆனாலும் உற்பத்தியாளர் பெயர்கூட இல்லாத டப்பாக்கள் வட்ஸ்அப்பில் விலை போகின்றன.

‘இடம் சுத்தமாகத்தான் இருந்தது’ என்று சமாதானம் சொல்பவர்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்ததைக் கேட்க வேண்டும். ஒருவரின் இரத்தத்தையே எடுத்து, பிரித்து, நுண்ணூசிகளால் அவர் முகத்திலேயே குத்தும் சிகிச்சை அது. அல்புகர்க்கி நகரின் அனுமதியற்ற ஸ்பா ஒன்றில் 2018இல் அதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. மூன்று பெண்களின் கதையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. சோதனைக்குப் போன அதிகாரிகள் கண்டவை: சமையலறை மேசையில் பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள் சாப்பாட்டோடு சேர்ந்து கிடந்த இரத்தமும் ஊசி மருந்துகளும். முன் அறையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் கண்ணுக்கு இதில் எதுவும் படுவதில்லை. அதே மாதம், போலி போட்டொக்ஸால் பாதிக்கப்பட்ட 22 பெண்களைப் பற்றியும் அந்த நிலையம் அறிவித்தது. அவர்களில் பாதிப்பேரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டியிருந்தது.

பணமும் புகழும்கூடக் காப்பாற்றுவதில்லை. ஒரு காலத்தில் உலகின் முதல் வரிசை மொடலாக இருந்த லிண்டா இவான்ஜெலிஸ்டா, கொழுப்பை உறையவைத்துக் குறைக்கும் ‘கத்தியில்லா’ சிகிச்சைக்குப் பின் கொழுப்பு குறைவதற்குப் பதில் கட்டிபட்டுப் பெருத்ததாக 2021 செப்டம்பரில் அறிவித்தார். ஆண்டுக்கணக்கில் வெளியே தலைகாட்டாமல் இருந்ததாகவும் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ் நடிகை ரைசா வில்சன், சென்னையில் முகச் சிகிச்சை ஒன்றுக்குப் பின் கண்ணுக்குக் கீழே வீங்கிய தன் படத்தை வெளியிட்டார். சிகிச்சை கொடுத்த வைத்தியர் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமில்லை. அவர் படத்தைப் போட்டார், அதனால் விவகாரம் வெளியே வந்தது. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ உள்ள ஒரு பெண் படத்தைப் போடமாட்டார். முகத்திரையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். விற்பவர்களின் பலமே அந்த மௌனம்தான்.

ஏமாற்றம் ஊசியில் தொடங்குவதில்லை, விற்பனையிலேயே தொடங்கிவிடுகிறது. ‘முன்’ படம் மஞ்சள் வெளிச்சத்தில், தலை குனிந்தபடி. ‘பின்’ படம் வட்ட விளக்குக்கு முன்னால், மேக்கப்போடு. பிரிட்டிஷ் அரசுக்காக 2013இல் சேர் புரூஸ் கியோ தலைமையில் தயாரான அறிக்கை, கத்தியில்லா அழகு சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஒரு பேனாவோ பற்தூரிகையோ வாங்குபவரைவிடக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று கண்டித்தது. பிரித்தானியாவின் அன்றைய நிலையே அப்படியென்றால் நமது நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே பெண் பிள்ளை பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், வாப்பா கட்டாரில் உழைத்து நகை சேர்க்கிறார். அதற்குப் பிறகும் மாப்பிள்ளை வீட்டார் “நிறம் கொஞ்சம் மட்டு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல்தான் அந்தப் பிள்ளையை ஊசிக்கு அனுப்புகிறது. அனுப்பிவிட்டு, முகம் பழுதானபின் பேராசை என்று பேச யாருக்கும் உரிமையில்லை.

மார்க்கத்தின் பெயரால் இதை ஒரே வரியில் முடித்துவிடுவதும் போதாது. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, குறையைச் சீர்செய்யும் சிகிச்சையையும், இயல்பான தோற்றத்தை மனவிருப்பத்துக்காக மாற்றுவதையும் பிரித்தது; முன்னதை அனுமதித்தது. அதற்கும் நிபந்தனைகள் போட்டது: தகுதியுள்ள வைத்தியர் செய்ய வேண்டும், நன்மையைவிடத் தீங்கு மிஞ்சக்கூடாது, வரக்கூடிய ஆபத்துகளை வைத்தியர் முன்கூட்டியே விளக்க வேண்டும். ஜும்ஆப் பிரசங்கத்தில் இந்த நிபந்தனைகளையும் சேர்த்துச் சொன்னால் ஊருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மருந்துகளின் பதிவை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அதிகாரசபை பார்க்கிறது. ஊசி பிடிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. “மருந்துப் பெட்டியைக் காட்டுங்க, என் கண் முன்னால உடையுங்க, தொகுதி இலக்கத்தையும் அளவையும் எழுதித் தாங்க” என்று கேட்கலாம். முகம் சுளிப்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியவை சில உண்டு. பில்லர் ஏற்றிய இடம் வெளிறினாலோ, வலை விழுந்தாற்போல் நீலம்பாரித்தாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ பார்லருக்குப் போன் எடுத்து நேரத்தைப் போக்காமல் அந்த நிமிடமே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏற்றிய பில்லர் ஹையலூரோனிக் அமில ஜெல்லாக இருந்தால் அதைக் கரைக்கும் ஊசி உண்டு. மணித்தியாலங்களுக்குள் போட்டால்தான் முழுப் பலன். பீலுக்குப் பின் கறுத்தவர்கள் அதன் மேல் இன்னொரு பீல் செய்யக்கூடாது. அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் நோய்க் கிளினிக்குகளில் பரிசோதனைக்குக் காசில்லை. பூசிய கிறீம் டப்பாவையும் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் விளம்பரத்தையும் அழிக்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். உள்ளே என்ன போனது என்று வைத்தியர் கண்டுபிடிக்க அவைதான் வழி.