'அவையள்' ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை?



"அவையள் வரமாட்டினம் தங்கச்சி. கூப்பிட்டாலும் வாறேல்லை."

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. 'அவையள்' யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் பிந்தி மீள்குடியேறியவர்கள், இன்னோரிடத்தில் வேறு மதத்தவர்கள், வேறோரிடத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். இம்மாதம் அந்த 'அவையள்' பற்றியும், நான் விட்ட ஒரு பிழை பற்றியும் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு. சமூகவியல் பட்டத்துடன் வேலைக்குச் சேர்ந்த புதிது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்தை என்னிடம் தந்தார்கள். 2009இல் இறுதி யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பிய தமிழ்ப் பெண்கள் அங்கே இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் அகதிகளாக வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். இரு பகுதியினருக்கும் தறப்பாள் கொட்டில் தெரியும், நிவாரண வரிசை தெரியும். ஆனால் ஒருவர் பட்ட துன்பம் மற்றவருக்குத் தெரியாது.

கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு சங்கம், மூன்று மாதத்துக்குள் சுழற்சிக் கடன் என்பது உதவி வழங்கியவர்களின் நிபந்தனை. நானும் ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிக் கையொப்பம் வாங்கி, இருந்த பழைய சங்கத்தில் அனைவரையும் சேர்த்துவிட்டேன். 'இன நல்லிணக்கம் ஏற்பட்டுள்ளது' என்று அறிக்கையும் எழுதினேன்.

பழைய சங்கத்தின் வழக்கப்படி கூட்டம் வெள்ளிக்கிழமை நண்பகல், கோயில் மண்டபத்தில் நடந்தது. முஸ்லிம் வீடுகளில் அது ஜும்ஆத் தொழுகை நேரம். ஆண்களை அனுப்பி, சமைத்து முடிக்கும் நேரம். கோயில் மண்டபத்துக்கு வரவும் அவர்களுக்குத் தயக்கம். இரண்டு பேர் மட்டும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். 'முஸ்லிம் பெண்களின் பங்குபற்றல் குறைவு' என்று பதிந்தேன். நாளையும் இடத்தையும் யோசிக்காமல் அழைப்பு அனுப்பியது நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு கடன் பட்டியல் போட்டோம். அங்கத்துவ மூப்பின்படி முதல் பத்துப் பெயரும் பழைய அங்கத்தவர்களுடையவை. அடுத்த வாரமே பதினொரு பேர் கையொப்பமிட்ட விலகல் கடிதம் வந்தது.

சமரசம் பேசப் போன இடத்தில் பொருளாளர் அக்கா அழுதுவிட்டார். "இந்த வங்கிப் புத்தகத்தை முள்ளிவாய்க்கால் மட்டும் காவிக்கொண்டு போனனான் தங்கச்சி. பிள்ளையின்ர உடுப்பை விட்டிட்டு இதைக் கொண்டுவந்தனான். நேற்று வந்த ஆக்களிட்ட இதைக் குடுக்கச் சொல்லுறீரே?"

கடிதம் எழுதிய பெண்ணிடம் போனேன். "நாங்க நேத்து வந்த ஆக்களா? அந்தா தெரியிற கிணறு என்ட உம்மாட வளவுக் கிணறு" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. அந்த உண்மைகளைச் சொல்ல நான் நடத்திய எந்தக் கூட்டத்திலும் இடமிருக்கவில்லை.

அனுபவமுள்ள ஓர் உத்தியோகத்தரின் ஆலோசனைப்படி கடன் வேலையை நிறுத்தினோம். இரு பகுதியினரையும் முதலில் தனித்தனியாகக் கேட்டோம். பிறகு எல்லோருக்கும் பொதுவான ஒரு சிறு வேலையை எடுத்தோம். முன்பள்ளிக் கூரை காற்றில் பிய்ந்திருந்தது. இரு பகுதிப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். ஒருவர் கிடுகு பின்னினார், ஒருவர் வீட்டிலிருந்து தடி வந்தது, இன்னொருவர் தேநீர் கொண்டுவந்தார். இரண்டு சனிக்கிழமைகளில் கூரை முடிந்தது. அந்த வேலைக்கிடையில்தான் முள்ளிவாய்க்காலும் புத்தளமும் பேசப்பட்டன.

அதன் பின்னர் எல்லோரும் இருந்து ஒழுங்குகளை எழுதினோம்.

1. கூட்டம் சனிக்கிழமை பின்னேரம், முன்பள்ளிக் கட்டடத்தில்.

2. தலைவரும் பொருளாளரும் ஒரே பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதவி மாற வேண்டும்.

3. கடன் முறை தேவையைப் பார்த்து. தேவை சமமாக இருந்தால் திருவுளச்சீட்டு.

4. ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை உரத்து வாசிக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத அங்கத்தவரும் கேள்வி கேட்கலாம்.

5. புதிதாகச் சேர்பவரின் முதற் கூட்டத்தில் சங்கம் உருவான கதையைப் பழைய அங்கத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். புதியவரும் தன் கதையைச் சொல்லலாம்.

ஐந்தாவது ஒழுங்கைக் கேட்டு வாங்கியவர் பொருளாளர் அக்கா. அவர் காவிய புத்தகத்துக்கு அன்றுதான் உரிய மரியாதை கிடைத்தது. மறு வருடம் பொறுப்பைத் தானாகவே கையளித்து, கணக்குப் பரிசோதகரானார். பழையதை மாற்றச் சொல்லுமுன் அதைக் காப்பாற்றியவரின் உழைப்பை எல்லோர் முன்னும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

இந்த வழி புதியதல்ல. மன்னாரில் தமிழ், முஸ்லிம் பெண்கள் இணைந்து 1990களின் இறுதியிலேயே, யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, பெண்கள் சம்மேளனம் ஒன்றை அமைத்து வேலை செய்தார்கள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். விலகிய பதினொரு பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள், மூன்று பேர் வரவில்லை. கிழமைக்குக் கிழமை முரண்பாடும் வந்தது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறி, பழைய கடன் தொகை ஒன்றுக்கும் போதாமல் போனபோது, சங்கம் இரண்டாக உடையவில்லை. ஒரே கூட்டத்தில் இருந்து தொகையைக் கூட்டினார்கள், தவணையை நீட்டினார்கள். வெளியே வட்டிக்கு வாங்கப் போகவிருந்த சிலர் அதனால் தப்பினார்கள். உதவி வழங்கியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். சங்கம் இருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் உங்கள் வரவு இடாப்பைத் திறந்து பாருங்கள். மூன்று கூட்டம் தொடர்ந்து வராதவர்களின் பெயர்களைக் குறித்து, இரண்டு பேராக அவர்கள் வீட்டுக்குப் போங்கள். "ஏன் வரேல்லை?" என்று கேட்காதீர்கள். "எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் உங்களுக்குச் சரி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் வாசியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.