திரும்பும் அம்புக்குறியை அழித்தவர்கள்

மென்பொருள் பொறியியலின் முதல் அலகில் ஆண்டுதோறும் ஒரு தவறு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. 'அருவி மாதிரியை 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் முன்மொழிந்தார்' என்பதே அது. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்கிறது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அது மேற்கோளாகிறது. மேற்கோள் காட்டுவோர் அந்தச் சிறு கட்டுரையைத் திறந்திருந்தால் இத்தவறு ஒரு தலைமுறைக்குமேல் நீடித்திருக்காது.

1970 ஆகஸ்டில் வெஸ்கான் மாநாட்டில் வாசிக்கப்பட்ட அக்கட்டுரையில் 'அருவி' என்ற சொல்லே இல்லை. தேவைகளை வரையறுப்பதில் தொடங்கி இயக்கத்தில் முடியும் ஏழு படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் படம் உண்டு. அக்கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்கிறார் ராய்ஸ். ஆனால் அந்த வடிவிலேயே அதை நடத்துவது இடர் மிக்கது, தோல்வியை வரவழைப்பது என்றும் உடனே எழுதுகிறார். காரணத்தையும் சொல்கிறார்: சோதனை இறுதியில்தான் வருகிறது, கணிப்பு எங்கே பிழைத்தது என்பது அப்போதுதான் தெரிகிறது, அதற்குள் வடிவமைப்பு முழுவதும் கட்டி முடிந்துவிடுகிறது. அடுத்தடுத்த படங்களில் மேல்நோக்கித் திரும்பும் அம்புகளை வரைகிறார். முதன்முறை செய்யும் பணியை ஒருமுறை முன்னோட்டமாகச் செய்து பார்க்க வேண்டும், பயனரை இறுதி ஒப்படைப்புக்கு முன்பே முறைப்படி ஈடுபடுத்த வேண்டும் என்று பரிகாரங்களையும் அடுக்குகிறார்.

'அருவி' என்ற பெயர் 1976-இல் பெல், தேயர் இருவரின் கட்டுரையில் வந்தது. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டிஓடி-எஸ்டிடி-2167 தரநிலை வழியே படிப்படியான இறக்கம் ஒப்பந்த மொழியாகவே ஆயிற்று. 1994-இல் வேறொரு தரநிலை அந்த மரபின் இடத்தைப் பிடித்தது. அத்துறையே கைவிட்டதை நம் பாடத்திட்டங்கள் கைவிடவில்லை. எச்சரிக்கைக்காக வரையப்பட்ட படம் எஞ்சியது, எச்சரிக்கை உதிர்ந்தது.

மேற்கோள் பிழைதானே, இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். விடை தேட அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டின் சித்தூரும் இடுக்கியின் தேவிகுளமும் பீருமேடும் போதும்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமையை அளிக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவர்கள் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும். தாளில் மனு எழுதிய காலத்தில் இவ்வுரிமைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். மனு கணினிப் படிவமான பின் அவ்வுரிமை ஒரு கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். அக்கட்டம் இருக்குமா என்பதைத் தேவை ஆவணம் எழுதுபவர் தீர்மானிக்கிறார். அது தலைநகரில் எழுதப்படுகிறது, ஒப்பமிட்டபின் மூடப்படுகிறது.

மொழியியல் அறிந்தோர் இங்குதான் வாய்திறந்திருக்க வேண்டும். 'பெயர்: மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்' என்று ஒரு வரி ஆவணத்தில் ஏறினால் என்ன நேரும்? தமிழ் எழுத்தில் 'பாக்கியம்' என்பது ஒரே வடிவம். மலையாளத்தில் பகர வரிசையில் ஒலிப்பும் மூச்சொலியும் வேறுபடும் நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருவர் கேட்டபடி முதலெழுத்தை இடுவார். மற்றொருவர் மலையாளச் சொல்லுக்குரிய நான்காம் எழுத்தை இடுவார். 'கந்தசாமி'யின் தகரத்துக்கும் சகரத்துக்கும் இதே கதி. இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரே பெண்மணி குடும்ப அட்டையில் ஒருவராகவும் நிலப்பதிவில் வேறொருவராகவும் ஆகிவிடுகிறார். கணினி எழுத்துகளை ஒப்பிடும், ஆளை ஒப்பிடாது. ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்கும் சுமை, வேலைநாளின் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் அவர் தலையில் ஏறுகிறது.

இச்சிக்கல் எழுத்துமுறை அறிந்தவர்க்கு முன்கூட்டியே தெரியும். அருவி மாதிரியிலோ அது அலுவலகச் சாளரத்தில்தான் தெரியும், அதாவது ஏழாம் படியில். அங்கிருந்து முதல் படிக்கு ஏற வழியில்லை. ஏறினால் அதற்கு 'மாற்றக் கோரிக்கை' என்று பெயர். தனி விலை, தனி ஒப்புதல். சட்டம் தந்த உரிமை கூடுதல் செலவாகக் கணக்கில் ஏறுகிறது.

அரசுப் பணத்துக்குத் தணிக்கை உண்டு, எல்லையற்ற மாற்றங்களுக்கு ஒப்பந்தம் போட முடியாது என்ற எதிர்வாதம் மதிக்கத்தக்கதே. ஆனால் உறுதிப்படுத்துவதும் மூடிவிடுவதும் ஒன்றல்ல. இதே எல்லைப்புறத்தின் நீர் ஒப்பந்தங்களைப் பார்க்கலாம். 1886-இன் முல்லைப் பெரியாறு குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. அதையே 1970 மே 29-இல் திருத்த வேண்டியிருந்தது: ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 30 ரூபாயாயிற்று, மின் உற்பத்திக்கு இசைவு சேர்ந்தது. அதே நாளில் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று அளவை உறுதிப்படுத்தியது. கூடவே, 1958 நவம்பர் 9 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு என்ற விதியையும் எழுதி வைத்தது. ராய்ஸ் கட்டுரைக்கு மூன்று மாதம் முன்பே, இரு மாநில அதிகாரிகள் திரும்பும் அம்பை வரைந்துவிட்டார்கள். முதல் 30 ஆண்டு 1988-இல் முடிந்தும் 1970-இன் அளவுகளே தொடர்வது வேறொன்றை உணர்த்துகிறது: அம்பை வரைந்தால் போதாது, அதன்வழி நடக்க வேண்டும்.

ஆகவே 2001-இன் அஜைல் அறிக்கையைப் புதுவேதமாக ஏந்துவதும் தீர்வாகாது. இரு வாரச் சுற்றுகளாகப் பணியைப் பிரித்தாலும், எந்தச் சுற்றிலும் தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி படிவத்தைத் தொடவில்லையெனில் அது சிறு சிறு அருவிகளின் வரிசைதான்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை உள்ளன. ராய்ஸின் கட்டுரையை மாணவர் கையில் கொடுங்கள். 'அருவி மாதிரியை முன்மொழிந்தவர் யார்' என்ற வினாவை நீக்கி, 'அவர் எதை எச்சரித்தார்' என்று கேளுங்கள். பயனர் ஒருவரையும் சந்திக்காமல் எழுதப்பட்ட தேவை ஆவணத்தைத் திட்டப்பணி மதிப்பீட்டில் ஏற்காதீர்கள். கணினித் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத வழக்கத்தை முடித்துவையுங்கள். அரசுப் படிவத்தின் முதல் வரைவு சித்தூரிலும் பீருமேட்டிலும் தமிழ்ப் பெயர்களோடு சோதிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். அது முதல் படியில் எழுதப்படவில்லையெனில், ஏழாம் படியில் பாக்கியம் மீண்டும் வரிசையில் நிற்பார்.