பெல்ட் யார் உடம்புக்கு?

தங்கைக்கு ஏழாம் மாதம். மதுரையில் வளைகாப்பு முடித்து, ஜெயமங்கலத்துக்கு அழைத்துவரக் காரில் ஏறினோம். அவள் சீட் பெல்ட்டை இழுத்தாள். "வயித்தை அமுக்கும், கழட்டும்மா" என்றார் மாமியார். "பின்சீட்டுக்கு எதுக்குக்கா?" என்றார் டிரைவர் தம்பி. அவள் கழற்றினாள். நானும் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்கான பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

பெல்ட் காப்பாற்றும். இதில் சந்தேகமே வேண்டாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில்தான் முன்னே பாயும். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட, பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். விலையுயர்ந்த கார்தான். கர்ப்பிணியும் பெல்ட் போட வேண்டும்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே, வயிற்றின் பக்கவாட்டில். இதை எந்த வளைகாப்பிலும் யாரும் சொல்வதில்லை.

ஆனால் பெல்ட் எல்லாரையும் ஒரே மாதிரி காப்பாற்றுகிறதா? இல்லை. அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வொன்று, ஒத்த விபத்துகளில் பெல்ட் அணிந்த ஆண் ஓட்டுநரைவிடப் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநருக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்றது. காரணம் நம் உடம்பின் குறையா? பல்லாண்டுகளாக மோதல் சோதனையின் அளவுகோல் சராசரி ஆணின் உருவில் செய்த பொம்மை. 'பெண் பொம்மை' என்று வந்ததும் பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கியதுதான். சராசரிப் பெண்ணுடலை அடிப்படையாகக் கொண்ட பொம்மையைச் சுவீடன் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தியது 2022-ல். நிலவுக்கு மனிதனை அனுப்பி அரை நூற்றாண்டுக்குப் பிறகு!

இன்னொரு கேள்வி. பெல்ட் போட முதலில் ஓர் இருக்கை வேண்டுமே? விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். மடியில் தூக்குவாளி, தோளோடு தோள் நெருக்கி, நம் அக்காக்களும் மதினிகளும். பள்ளத்தாக்கு ஓரத்தில் வண்டி திரும்பும்போது அவர்களைப் பிடித்துவைத்திருப்பது பக்கத்தில் இருப்பவளின் கை மட்டுமே. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பெல்ட் போடாததற்கு 1000 ரூபாய் அபராதம் வைத்தது. வாடகை வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால், கூடுதல் தலைக்கு 200. ஜீப்பில் அடைபட்டுப் போகிறவளின் விலை, காரில் போகிறவரின் பெல்ட் விலையில் ஐந்தில் ஒன்று.

பெல்ட்டைப் போடுங்கள், தோழிகளே. "கழட்டு" என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். போட்டுக்கொண்டே கேளுங்கள்: சோதனைக் காரில் நம் உடம்பு எங்கே? தோட்டத்து வண்டியில் நம் இருக்கை எங்கே?

பிரசவம் முடிந்து திரும்பும்போது தங்கையின் பெல்ட்டை நான்தான் மாட்டுவேன். மாமியாருக்கும் சேர்த்து.