ப்ளஸ் டூ வரைக்கும் பஸ் ஏறு, தங்கச்சி

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், அறிவுரை சொல்ல ஊரே வரிசையில் நிற்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழு, செல்போனைத் தொடாதே, கவனம் சிதறாதே. சொல்பவர்களில் பாதிப் பேர் பத்தாவதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் தாண்டி இருபது வருஷம் ஆகியிருக்கும். நான் இந்த மார்ச்சில்தான் ப்ளஸ் டூ எழுதினேன். ஹால் டிக்கெட்கூட இன்னும் பையில்தான் கிடக்கிறது. அந்தத் தகுதியில் இந்த வாரப் பத்தியை ஒன்பதாவது, பத்தாவது, ப்ளஸ் ஒன் போகும் தங்கச்சிகளுக்கு ஒதுக்குகிறேன்.

என்னோடு ஆறாவதில் உட்கார்ந்து, நடுவில் நின்றுபோன பெண்களில் பாடம் ஏறாமல் நின்றவள் ஒருத்தியும் இல்லை. பஸ் நேரம் மாறியது, அம்மாவுக்கு ஷிப்ட் மாறியது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, குடும்பமே பெங்களூரு பக்கம் வேலைக்குப் போய்விட்டது, மாமன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். காரணங்கள் இவைதான். அதனால் படிப்பைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் சொல்லப் போகிறேன்.

முதலில் பஸ். பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கமிருந்து ஓசூர் வந்தாலும் காலை நேரத்து டவுன் பஸ்ஸில் நாமும் இருப்போம், கம்பெனிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். பெல் அடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் பஸ்ஸை நம்பாதே. அதற்கு முந்தைய பஸ்தான் உன் பஸ். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பாடத்தின் ஒன் வேர்டை முடித்துவிடலாம். புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடையையோ பழைய பாஸையோ பார்த்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அரசு வருஷா வருஷம் அறிவிக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கே டிக்கெட் கிடையாது. ஆகவே யாராவது இறங்கச் சொன்னால் மரியாதையாக, ஆனால் சத்தமாக, இதைச் சொல். கூட்டத்தில் கை நீட்டுகிறவனிடம் மரியாதையும் வேண்டாம், சத்தம் மட்டும் போதும். பஸ்ஸே வரவில்லை என்றால் நாலைந்து ஊர்ப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். அப்பா ஒருநாள் லீவு போட்டாலும் தப்பில்லை.

ப்ளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் தருவார்கள். அதை வாங்கிய அன்றே அண்ணனிடம் தெளிவாகப் பேசிவிடு. சைக்கிள் உனக்குக் கொடுத்தது.

அடுத்தது சாப்பாடு. சத்துணவு பத்தாவது வரைக்கும்தான். பதினொன்றாவது வந்ததும் தட்டு தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பும் வீட்டில் அதற்குள் சமையல் ஆகியிருக்காது. நம் வீட்டு ராகிக் களி தட்டில் அமிர்தம். டிபன் டப்பாவில் மதியத்துக்குள் கல். ராத்திரி மிஞ்சிய சோற்றில் காலையில் எலுமிச்சை பிழிந்து சித்ரான்னம் கிளறப் பத்து நிமிஷம் போதும். அதை நீயே கற்றுக்கொள். பசியோடு உட்கார்ந்து கடைசி இரண்டு பீரியடில் பிசிக்ஸ் கேட்டவர்கள் யாரும் பிசிக்ஸ் பாஸானதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. சிறுநீர்த் தொற்று வந்தால் போவது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் போகும் பாடம் திரும்ப வராது. பாத்ரூம் மோசமாக இருந்தால் பெண் ஆசிரியரிடம் நாலு பேர் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போனால் கூச்சம் பேசவிடாது. அரசு தரும் நாப்கினைக் கேட்டு வாங்கு. பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது உனக்குத் தேவைப்படாத நாளில் பக்கத்து பெஞ்சுக்குத் தேவைப்படும். வாரம் ஒருநாள் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசாதே. சாப்பிட்டபின் போட்டால் குமட்டாது.

இப்போது படிப்பு. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ், பக்கத்து பெஞ்சில் உருது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாவதில் தமிழ்த் தாள் கட்டாயமானபோது, வேறு மொழிவழியில் படித்த பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டுக் கோர்ட் வரை போனார்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ்த் தாள் உன் முன்னால் இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுரையில் தொடங்காதே. மனப்பாடப் பாடல், கடிதம், படிவம் நிரப்புதல் இந்த மூன்றையும் முதலில் கையில் எடு. நீ பேசும் தமிழ் எப்படி இருந்தாலும் இந்த மார்க் வரும். உச்சரிப்பைப் பார்த்து யாராவது சிரித்தால், அவர்களுக்கு எத்தனை மொழி தெரியும் என்று கேள். அநேகமாக ஒன்று.

கணக்குக்கு அழுகிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் போடுங்கள். பத்தாவது கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்வி 14. ஜாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. கூட்டினால் 30. பாஸ் மார்க் 35. இன்னும் மூன்று இரண்டு மார்க் கேள்வி சரியாகப் போட்டால் கரை ஏறியாயிற்று. ஒரு மார்க் கேள்விக்குப் புக் பேக் முழுவதையும் பார்த்துவிடு. ஜாமெட்ரியும் கிராஃபும் கை வேலை. தினம் ஒன்று வரைந்தால் டிசம்பருக்குள் கை தானாகப் போகும். பென்சிலைச் சீவி வைத்துக்கொள். சென்டம் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. அவர்கள் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவளுக்குக் கிராஃப் சொல்லிக்கொடுங்கள். அறிவியலில் ப்ராக்டிகலுக்கு 25 மார்க் தனியாக இருக்கிறது. ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் ராத்திரி முழுக்க எழுதாதே; வகுப்பு முடிந்த அன்றே எழுது.

மார்க் என்றதும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள். அத்திப்பள்ளி அத்தை மகள் 500 வாங்கினாள் என்று வீட்டில் இடித்துக் காட்டுவார்கள். கர்நாடகத்தில் எஸ்எஸ்எல்சி மொத்தம் 625. நமக்கு 500. அவளுடைய 500உம் உன்னுடைய 400உம் ஒன்றுதான், இரண்டும் 80 சதவீதம். அடுத்த முறை அத்தை வரும்போது கால்குலேட்டரோடு உட்கார்.

இனி சொல்வது அலுப்பான விஷயம். ஆனால் மார்க்கைவிட முக்கியம்: காகிதம். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்தில் என்று நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கும். பாதிச் சொந்தம் கர்நாடகத்தில், பாதிச் சொந்தம் ஆந்திராவில் என்றால் இனிஷியலும் இடம் மாறிவிடும். பத்தாவது நாமினல் ரோல் அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடு. எஸ்எஸ்எல்சி சர்டிபிகேட்டில் அச்சானபின் ஓர் எழுத்தைத் திருத்த நடக்கும் நடைக்கு ஒரு டிகிரியே முடித்துவிடலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் பதியலாம். அவசரம் வருவதற்கு முன்னால் பதி. உன் பெயரில் ஒரு பாங்க் கணக்கு தொடங்கு. எந்த விண்ணப்பத்திலும் ஒரே போன் நம்பரைக் கொடு. ஆஃபர் வந்தால் சிம் மாற்றும் அப்பாவின் நம்பராக அது இருக்கக் கூடாது; ஓடிபி அந்தப் பழைய சிம்முக்குத்தான் போகும்.

இடம் பெயரும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. அப்பா அம்மா பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போனால் பிள்ளையையும் கூட்டிப்போய் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருவார்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு. இரண்டுக்கும் கேட்பது ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை இங்கேயே படித்திருக்கிறாயா என்பதுதான். நடுவில் எல்லை தாண்டிப் படித்த இரண்டு வருஷம் இரண்டையும் கெடுத்துவிடும். பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ தங்கிப் படிக்க வழியிருந்தால் அதைக் கேள். அப்பாவுக்கு ரூபாய்க் கணக்கில் சொன்னால் சீக்கிரம் புரியும்.

பத்தாவது முடித்ததும் எந்த குரூப் என்று ஒரு வாரம் வீட்டில் மாநாடு நடக்கும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று ஃபர்ஸ்ட் குரூப் எடுக்காதே. பாலிடெக்னிக்கும் ஒரு வழி. கிருஷ்ணகிரியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வை 2025இல் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு என் தெருப் பெண்கள் பட்டாசு வெடிக்காத குறை. நீ ஏமாறாதே. ப்ளஸ் டூ பாடம் ப்ளஸ் ஒன் பாடத்தின் மேல்தான் நிற்கிறது. நீட்டும் ஜேஇஇயும் இரண்டு வருஷத்துப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

கம்பெனி விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் அது இல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் வாட்ச் தொழிற்சாலைக்குச் சுற்றுவட்டாரத்தில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளைத்தான் தேடிப்பிடித்துப் பழக்கியது. 2021இல் போச்சம்பள்ளி ஓலா தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தார்கள். இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸுக்கு எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ பெண்கள் வந்து ஹாஸ்டலில் தங்குகிறார்கள். கம்பெனி வேலையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஆனால் கேட்டில் நிற்கும் ஆள் முதலில் கேட்பது ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை. பத்தாவதோடு நின்றவளை ஏதாவது கான்ட்ராக்டர் ஏற்றிக்கொள்வான். ஆர்டர் குறைந்ததும் முதலில் இறக்கிவிடுவதும் அவளைத்தான். இப்போதே சம்பாதிக்கலாம் என்று யார் சொன்னாலும், மார்க் ஷீட்டோடு வருகிறேன் என்று சொல். கம்பெனி எங்கேயும் ஓடிப்போகாது.

கடைசியாகக் கல்யாணம். 2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்தில் 14 வயதுச் சிறுமியை ஆட்கள் தூக்கிக்கொண்டு போகும் வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அவளுக்குப் பெங்களூருவில் வைத்துக் கட்டாயக் கல்யாணம் செய்திருந்தார்கள். செய்தவர்களைப் பிறகு போலீஸ் கைது செய்தது. செய்தியில் எல்லோரும் கடந்துபோன ஒரு வரி உண்டு: அவள் பள்ளிக்குப் போவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கு வரும் பெண் நாலு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் போன் செய்வார். நின்றுபோனவளை யாரும் எண்ணுவதில்லை. வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இருப்பதே ஒரு காவல். 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது நாடு முழுவதும் குற்றம். எல்லை தாண்டிக் கோயிலில் வைத்துச் செய்தாலும் அதே சட்டம்தான். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். உனக்காக மட்டும் இல்லை, தோழிக்காகவும் அழைக்கலாம். உன் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஒரு பாடத்தில் போனாலும் உலகம் முடிந்துவிடாது. அதே வருஷம் துணைத் தேர்வு வருகிறது, எழுதி அதே வருஷம் மேலே சேரலாம். மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416க்குப் பேசு. பேசுவது வெட்கம் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளை வகுப்பில் ஒரு வாரமாகக் காலியாகக் கிடக்கும் இடம் யாருடையது என்று பார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஒரு நடை போ. வீட்டில் சொல்லும் பதில் சரியாகப் படவில்லை என்றால் மறுநாளே வகுப்பாசிரியரிடம் சொல். ஆசிரியர் போன் செய்தாலும் உண்மைக் காரணம் தெரிய ஒரு மாதம் ஆகும். உனக்கு ஒரு சாயங்காலம் போதும்.